மூன்று பேருக்கான கூடாரம்

நவரட்ணராஜாவிடம் எந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில் அடிமட்டத்தை எடுத்துக் கோடு போடுவார். நிரல் நிரலாகக் கட்டம் கிழித்து, தலைப்பு எழுதி, அதன் பிறகுதான் வேலை. சங்கானையில் பிறந்து, இருபத்தாறு வயதில் அரசாங்க உத்தியோகம் கிடைத்துக் கண்டிக்கு வந்து, ஒரு திணைக்களத்தின் கிளைக் கந்தோரில் பிரதம லிகிதராகித் தலை நரைத்தவர். அவர் மேசையைத் தாண்டிப் போன ஒரு படிவத்திலாவது ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டும், மற்றவர்களுக்கு உள்ள கர்வங்களோடு பார்த்தால் அது பெரிய பாவமில்லை என்றுதான் கந்தோரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அவரைக் கெடுத்தது ஒரு கூடாரம். மண் ஆராய்ச்சிக்கு வந்த ஒல்லாந்துக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அதைக் கந்தோரிலேயே விட்டுவிட்டுப் போனார். பச்சை நிறம், மூன்று பேர் படுக்கலாம். ஆறு வருடம் களஞ்சியத்தில் எலிக்குப் பயந்து மேல் தட்டில் கிடந்தது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் வேண்டாத சாமான்களைக் கழித்தபோது, களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் பாயிஸ் அதைத் தூக்கிக் குப்பைப் பக்கம் போடப் போனான். நவரட்ணராஜா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி பாயிஸ், இதை எறியாதையும். நாங்கள் ஒரு நாளைக்கு எங்கையாவது கொண்டுபோய் அடிச்சுப் படுத்தால் என்ன?"

பாயிஸ் மடவளைக்காரன். முப்பத்தைந்து வயது. சிரிக்கக் காரணம் தேடித் திரிகிறவன். நாற்பத்தெட்டு வயதில், வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாக நிற்கும் பிரதம லிகிதரை மேலும் கீழும் பார்த்தான். "சேர், நீங்களா? காட்டுலயா?" என்றான். ஆனால் அடுத்த நிமிடமே அவனுக்கும் ஆசை பிடித்துவிட்டது.

அன்று பின்னேரம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கமலாசனி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எண்பத்துமூண்டுக் கலவரத்தில அந்தப் பள்ளிக்கூட நிலத்தில ஒன்பது நாள் படுத்தது காணாதே உங்களுக்கு? இன்னும் வெளியில படுக்க ஆசையோ?"

"அது கலைச்சதால போய்ப் படுத்தது," என்றார் நவரட்ணராஜா. "இது நானாப் போறது."

உண்மையைச் சொன்னால், மனிதரின் முழு ஆசையும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. வீட்டை விட்டு வெளியே அவர் படுத்த நாட்களெல்லாம் யாரோ துரத்தியதால் படுத்த நாட்கள். ஒரே ஒரு தடவை, தன் விருப்பத்துக்கு, புல்லின் மேல் படுத்து எழும்ப வேண்டும் என்று நினைத்தார். அதற்காக அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

இடம் காட்டியவர் மூக்கையா. கந்தோர்த் தோட்டத்தில் வேலை செய்கிற ஆள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லய வரிசையில் அவருடைய வீடு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வருவார், மற்ற நாட்களில் கந்தோருக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் தங்குவார். பதினொரு வருடமாக அங்கே வேலை, இன்னும் தற்காலிகம். காரணம் எல்லாருக்கும் தெரியும். மூக்கையாவிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. தோட்டத்துத் துரை கொடுத்த ஒரு கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் கடந்து வருகிறவர் அவர். தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம் அந்தக் கடிதத்தின் மடிப்புகள் கிழிந்தே போயின.

"எங்க தோட்டத்துக்கு மேல, காடு தொடங்குற எடத்துல, ஒரு பட்டனைப் புல்வெளி இருக்குங்கய்யா," என்றார் மூக்கையா. "பக்கத்துலயே ஆறு. வெறகு பொறுக்கப் போறப்ப நாங்க அங்கதான் ஒக்காருவோம். அந்த எடத்துல படுத்தா ஐயா திரும்பி வரவே மாட்டீங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கந்தோருக்குப் பின்னால் உள்ள புல்தரையில் ஒத்திகை பார்த்தார்கள். கம்புகளை எந்த ஓட்டையில் விடுவது என்று தெரியாமல் நவரட்ணராஜா முக்கால் மணித்தியாலம் நின்றார். மழைக்கு மேலே போட வேண்டிய விரிப்பை நிலத்தில் விரித்தார். கடைசியில் ஏதோ ஒன்று எழும்பி நின்றது. பெருமையோடு உள்ளே புகுந்தார். புகுந்ததும் அது அப்படியே அவர் மேல் படுத்துவிட்டது.

"சேர், உள்ளுக்கு எப்படி இரிக்கி? காத்து வருதா?" என்று பாயிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

மூக்கையா மட்டும் சிரிக்கவில்லை. துணியை விலக்கி, அவரைக் கைபிடித்து வெளியே எடுத்து, சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு ஆணிகளைப் பிடுங்கினார். "நேரா அடிச்சா புடுங்கிக்கிட்டு வந்துருங்கய்யா. மாட்டுக்கு மொளை அடிக்கிறாப்புல சாச்சு அடிக்கணும்." கால் மணித்தியாலத்தில் கூடாரம் இறுகி நின்றது. காட்டில் இரத்தம் குடிக்கக் காலில் ஏறும் அட்டைக்கு என்ன செய்வது என்றும் அவரே சொன்னார். காலுறைக்கு மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் ஏறாதாம். நவரட்ணராஜா அதையும் எழுதிக்கொண்டார்.

எழுதுவது என்றால் அவருக்குக் கேட்க வேண்டுமா? நான்கு பக்கத்தில் பட்டியல் ஒன்று தயாரானது. டோர்ச் மூன்று. பற்றரி பன்னிரண்டு. கயிறு அறுபது அடி. கத்தி இரண்டு. மண்ணெண்ணெய் அடுப்பு. டின் மீன், பாண், பாயிஸின் உம்மா செய்து தருவதாகச் சொன்ன சீனிச் சம்பல். நில அளவைப் படம் ஒன்று. பட்டியலை முடித்துவிட்டு, தொடக்கத்திலிருந்து வாசித்துப் பார்த்தார். தமிழன் ஒருவன், பற்றரி, கயிறு, கத்தி, வரைபடம் என்று மூட்டை கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறான். சாவடியில் பையைத் திறந்தால் என்ன நினைப்பார்கள்?

பாயிஸிடம் கேட்டார். "கலியாண வீட்டுக்குப் போறோம்னு சொல்லுவோம் சேர். சட்டி பானையோட போனா யாரு கேக்கப் போறா?" என்றான் அவன். மூக்கையாவும் அதையேதான் சொன்னார். "யாரும் கேட்டா எங்க லயத்துக்கு வந்த விருந்தாளின்னு சொல்லிருங்கய்யா. எம்பொண்டாட்டி சமைச்சுப் போட்டு அனுப்பிருவா."

நவரட்ணராஜாவுக்கு மனம் ஆறவில்லை. கண்டியில் அவர் குடியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் பொலிஸ் பதிவு எடுத்தவர். ஊரிலிருந்து மச்சான் வந்து இரண்டு நாள் நின்றாலும் ஓடிப்போய்ப் பதிந்துவிட்டு வருவார். அந்தப் பிரதிகளையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். கடதாசி சரியாக இருந்தால் ஆளுக்கு ஒன்றும் நடக்காது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த வருடங்களில் எத்தனையோ பேர் சரியான கடதாசியோடு உள்ளே போனார்கள். அதைக் கண்ணால் கண்டும் மனிதர் நம்பிக்கையை விடவில்லை.

ஆகவே அவர் இன்னொரு பட்டியல் எழுதினார். இது ஆட்களின் பட்டியல். பெயர், தகப்பன் பெயர், விலாசம், தொழில், அடையாள அட்டை இலக்கம். சிங்களத்தில் ஒன்று, அதற்குத் தமிழில் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஊசி குத்தினார். முதலாவது தன் பெயர், அரசாங்க உத்தியோகத்தோடு. இரண்டாவது பாயிஸ். மூன்றாவது மூக்கையா. மூக்கையாவின் வரியில் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. ஒரு கோடு போட்டுவிடலாம். பெயரையே விட்டுவிடலாம், தோட்டத்து ஆள் தன் தோட்டத்துக்குப் போவதை யார் கேட்கப் போகிறார்கள்? இரண்டும் அவர் மனதில் வந்தன. வந்தும், கட்டத்தை வெறுமையாக விட அவருக்குக் கை வரவில்லை. "இல்லை" என்று எழுதினார்.

புதன்கிழமை அரை நாள் லீவு எடுத்து, மலைப்பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கொடுத்தார். பொறுப்பதிகாரி மரியாதையாகக் கதிரை காட்டினார், வாசித்தார், வாங்கி வைத்துக்கொண்டார். நவரட்ணராஜா நெஞ்சு நிமிர்ந்து வெளியே வந்தார். மற்ற இருவரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பாயிஸ் சிரிப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தான் செய்வது தன்னைக் காப்பாற்றத்தான் என்பது அப்போதே அவருக்கு உள்ளூரத் தெரியும். தெரியாதது போல இருந்தார்.

மூக்கையா வியாழக்கிழமையே கூடாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் பன்வில பசாரில் போய் இறங்கினார்கள். நவரட்ணராஜா புதுக் கன்வஸ் சப்பாத்து போட்டிருந்தார், காலுறையில் வீட்டிலேயே சவர்க்காரம் தேய்த்திருந்தார். பஸ் நிலையத்தில் மூக்கையா இல்லை. அவருடைய மனைவி பரிமளம் நின்றாள். கொழுந்து பறிக்கப் போகிற உடுப்போடு, வேலைக்குப் போகாமல், அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"நேத்து சாயங்காலம் பொலிஸ்ல வந்து கூட்டிட்டுப் போய்ட்டாங்கய்யா. லயத்துக்கே வந்து பேரச் சொல்லிக் கேட்டாங்க. அவுங்க அப்பா பேரும் சொன்னாங்க. கார்டு இல்லாத ஆளுன்னு வேற தெரிஞ்சு வச்சிருக்காங்க. கூடாரத்தப் பார்த்துட்டு அதையும் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. யாருய்யா இப்படிச் சொல்லியிருப்பாங்க?"

"எவனோ லயத்துக்குள்ளயே காட்டிக் குடுத்திரிக்கான்," என்று பாயிஸ் பல்லைக் கடித்தான்.

"நான்தான் கொடுத்தேன்" என்று சொல்ல அந்த இடத்தைவிட நல்ல இடம் இல்லை. நவரட்ணராஜா வாயைத் திறந்தார். திறந்த வாயால், "வாங்கோ, போய்ப் பாப்பம்" என்று மட்டும் சொன்னார். அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

பொலிஸ் நிலையத்தில் பாயிஸை வாசலிலேயே மறித்தார்கள். அரசாங்க உத்தியோகத்தர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். "சேர், நீங்க நல்லா சிங்களம் பேசுவீங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விட்டுருவாங்க," என்று பாயிஸ் அவருடைய பையை வாங்கிக்கொண்டான். பரிமளம் இரண்டு கையையும் கூப்பினாள்.

உள்ளே அதே பொறுப்பதிகாரி, அதே கதிரை. மேசையில் அவருடைய பட்டியல் இருந்தது. "இப்படி ஒழுங்காக எழுதிக் கொடுக்கிறவர்கள் குறைவு, மாத்தயா," என்றார் அதிகாரி சிங்களத்தில். நவரட்ணராஜாவின் வாழ்க்கையில் அவருடைய எழுத்தைப் பலர் மெச்சியிருக்கிறார்கள். அந்த மெச்சல் ஒன்றுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

"மூன்றாவது ஆளிடம் அட்டை இல்லை. வெளிநாட்டுக் கூடாரம் இருக்கிறது. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் நீங்கள் அரசாங்கத்து ஆள். உங்களுக்கு அவனை நன்றாகத் தெரியுமென்றால், பொறுப்பெடுத்து ஒரு கையெழுத்துப் போடுங்கள். இன்றைக்கே அனுப்பிவிடலாம். எப்படி, தெரியுமா?"

ஒரு கையெழுத்து. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நவரட்ணராஜாவின் கண்ணுக்கு முன்னால் தன் பெயர் இன்னொரு கோப்பில் ஏறுவது தெரிந்தது. நாளைக்கு எங்காவது ஏதாவது வெடித்தால் அந்தக் கோப்பைத் திறப்பார்கள். கமலாசனி தனியே நிற்பாள். பென்ஷன் போகும்.

"அவ்வளவாகத் தெரியாது, மாத்தயா," என்றார். "கந்தோருக்கு வந்து போகிற ஆள். சாமான் தூக்கத்தான் கூப்பிட்டோம்."

அதிகாரி தலையசைத்துப் பட்டியலை மடித்தார். பலகைத் தட்டிக்கு மறுபக்கத்தில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், கடைசியில் ஒரு கனைப்பு. தோட்டத்துக்கு மருந்து தெளிக்கிற நாட்களில் கந்தோர் யன்னலுக்கு வெளியே பதினொரு வருடமாக அவர் கேட்ட இருமல் அது. அவர் எழும்பி வெளியே வந்தார்.

"விசாரிச்சுப்போட்டுத்தான் விடுவினமாம்," என்று பாயிஸிடம் சொன்னார். வீட்டில் கமலாசனி ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டபோது மழை என்றார். மார்ச் மாதம், கண்டியில் ஒரு துளி விழவில்லை. அவள் அவருடைய புதுச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மூக்கையா பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் ஓடியவன் பாயிஸ். பணிப்பாளரிடம் ஒரு கடிதம், தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதம், கடைசியில் தன் பெரிய வாப்பா ஸெய்னுலாப்தீனையே கையோடு கூட்டிப்போனான். அவர் மடவளையில் சமாதான நீதவான், நாலு பேர் மதிக்கிற மனிதர். கடிதங்களை எல்லாம் தட்டச்சில் அடித்துக் கொடுத்தவர் நவரட்ணராஜா. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. "சேர் இல்லாட்டி நான் என்ன செஞ்சிரிப்பன்," என்று பாயிஸ் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. வரவுப் பதிவேட்டில் மூக்கையாவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு காலையும் "வரவில்லை" என்று எழுத வேண்டும். எழுதினார். நாள் போகப் போக அந்த வரிக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

இருபதாம் நாள் மூக்கையா வேலைக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. இடது கையின் இரண்டு விரல்களை மடக்க முடியவில்லை. தலையில் கூடாரம். "கேட்டு வாங்கிட்டு வந்துட்டேங்கய்யா. ஈரமா இருந்துச்சு, வெயில்ல காயப் போட்டுத்தான் மடிச்சேன்," என்று நவரட்ணராஜாவின் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். வழக்கம் போலத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வழக்கம் போலப் பூஞ்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சுடுசொல் வரும் என்று நவரட்ணராஜா ஒரு கிழமை காத்திருந்தார். வந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். வரவில்லை.

இனியும் அட்டை இல்லாமல் இருக்க முடியாது என்று பாயிஸ் ஒற்றைக் காலில் நின்றான். பிறப்புச் சான்றிதழ் இல்லாததற்கு ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். மூக்கையாவை நீண்ட காலம் அறிந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட, ஸெய்னுலாப்தீன் உறுதிப்படுத்துவார். பாயிஸ் அந்தக் கந்தோருக்கு வந்து நான்கு வருடம்தான். "சேரே எழுதிடட்டும். சேரவிட ஒங்களத் தெரிஞ்ச ஆள் இங்க யாரிரிக்கா?" என்றான் மூக்கையாவிடம்.

அடுத்த நாள் காலை மூக்கையா கை கழுவி, சேட்டு மாற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "இரு மூக்கையா," என்று நவரட்ணராஜா கதிரையைக் காட்டினார். பதினொரு வருடத்தில் அந்தக் கதிரையை அவருக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை. மூக்கையா நுனியில் உட்கார்ந்தார். பெயர் எழுதியாயிற்று. தகப்பன் பெயர், கேட்காமலே எழுதியாயிற்று. பிறந்த தோட்டம், லயத்தின் இலக்கம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு, "மேற்சொன்ன நபரை நான் கடந்த" என்று எழுதிவிட்டுப் பேனை நின்றது. பேனை மூடியைத் தேடுவது போலப் பாவனை செய்தார்.

மூக்கையா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருசம்னு போடுங்கய்யா," என்றார் மெதுவாக. "அன்னிக்கு ஸ்டேசன்ல ஐயாவுக்கு ஞாபகம் வரல போல."

நவரட்ணராஜா நிமிரவில்லை.

"அந்தப் பேப்பரயும் காட்டுனாங்க. மூணாங் கிளாஸ் வரைக்கும்தானே படிச்சேன், மத்தது ஒண்ணும் தெரியல. எம்பேரு தெரிஞ்சிச்சு. ரெஜிஸ்டர்ல தெனம் பாக்குற எழுத்துதானே. இவ்வளவு அழகா எம்பேர வேற யாருங்கய்யா எழுதுவாங்க?" என்றவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பாயிசு தம்பிகிட்டயும் சொல்லல, வீட்லயும் சொல்லல. நீங்க எழுதுங்க."

சொல்ல வேண்டியது அவ்வளவும் நவரட்ணராஜாவின் நெஞ்சில் இருந்தது. மன்னித்துக்கொள் என்பது ஒரு சின்னச் சொல். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் தனக்குக் கீழே வேலை செய்கிற ஒருவருக்கு அதைச் சொல்லிப் பழகாத நாக்கு, அன்றைக்கும் எழும்பவில்லை. அவருக்குத் தெரிந்ததை மட்டும் செய்தார். பதினொரு வருடங்களாக நன்கு அறிவேன் என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினார். அன்று போடாத கையெழுத்தைக் கீழே போட்டார். மை காய முன்பே அதன் மேல் ஒரு துளி விழுந்து, "நன்கு" என்ற சொல் ஊறிப் பரந்தது.

பாயிஸ் கதவில் தலையை நீட்டினான். "முடிஞ்சிதா சேர்?"

மூக்கையா கடதாசியை முந்திக்கொண்டு எடுத்து, ஈரம் தெரியாமல் பக்குவமாக மடித்தார்.

"முடிஞ்சிருச்சு தம்பி. ஐயா எல்லாக் கட்டமும் நெரப்பிட்டாங்க," என்றார்.